தோடம்பழத் தோலும் மரமும்: கொழும்பு வெயிலுக்கு ஒரு சென்ட் தேர்ந்து வாங்கும் வழி

கொழும்பில் சென்ட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது தேசிக்காய், தோடம்பழ வாசம் அடிக்கும் போத்தலைத்தான். வெயிலும் வியர்வையும் உள்ள ஊர் என்பதால் நாமும் அதைத்தான் கேட்கிறோம். அடித்த நிமிடம் மனம் நிறைந்துவிடும். மறுநாள் காலை அதைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனால், பத்து மணிக்கு முன்னரே பழ வாசம் போய்விடும். சேர்ட்டில் வேறொரு வாசம் நிற்கும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்று கடையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது. தமிழில் சொல்லித்தர ஆள் இல்லை. கடைகளில் அவசரம், விலையோ கூட. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன். வாசிக்கும்போது ஒன்றை மனதில் வைத்திருங்கள்: நீங்கள் காசு கொடுப்பது, அடித்து நாலு மணித்தியாலம் கழித்துத் தோலில் நிற்கும் மர வாசத்துக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் மூக்கைப் பழக்குங்கள் (செலவு சில நூறு ரூபாய்)

தேசிக்காய், தோடம்பழம் போன்ற சிட்ரஸ் வாசனைகள் மிக இலேசான மூலக்கூறுகளால் ஆனவை. தோடம்பழத் தோலை உரிக்கும்போது விரலில் தெறிக்கும் எண்ணெயின் பெரும்பகுதி லிமொனீன். அது விரைவில் ஆவியாகிவிடும். அதனால்தான் எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்தச் சென்ட்டிலும் பழ வாசம் அரை மணித்தியாலத்துக்கு மேல் முழுதாக நிற்பது அரிது. வெட்டிவேர், சீடார், சந்தனம் ஆகியவற்றின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகவே எழும். நல்ல சிட்ரஸ் மரக் கலவை என்பது, பழம் போகும் நேரத்தில் மரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது.

கடைக்குப் போக முன் இந்த வாசங்களைத் தனித்தனியாக மணந்து பாருங்கள். போத்தலில் எழுதியிருக்கும் பெர்கமொட் பெரும்பாலும் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பழம். அதைப் பார்க்க இத்தாலிக்குப் போகத் தேவையில்லை. கொழும்பில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் ஏர்ல் கிரே தேயிலைக்கு மணம் கொடுப்பது அதுதான். ஒரு பெட்டி வாங்கித் திறந்து மணந்தால் பெர்கமொட் உங்களுக்கு விளங்கிவிடும். சீடார் மரத்துக்கு, பென்சில் சீவிய தூளை மணக்கலாம். வெட்டிவேரைப் புறக்கோட்டை கேபோஸ் லேனில் உள்ள மூலிகைக் கடைகளில் கேளுங்கள். சிங்களம் பேசும் கடைக்காரராக இருந்தால் செவெந்தரா என்றால் எடுத்துத் தருவார். ஒரு பிடி போதும். உலர்ந்த வேரை ஒருமுறையும், தண்ணீர் தெளித்து ஒருமுறையும் மணந்து பாருங்கள். ஈரம் பட்டதும் மண் வாசமும் லேசான புகையும் எழும். கொழும்பின் ஈரக்காற்றில் வெட்டிவேர் கலந்த சென்ட் தோலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதுவே முன்னோட்டம்.

இந்த மூன்றையும் மணந்து பார்த்தவருக்குக் கடைக்காரரின் வார்த்தை தேவைப்படாது. போத்தலில் இருந்து வருவது எது, எது இல்லை என்று தானே சொல்லிவிடுவார்.

2. லேபிளை வாசிக்கப் பழகுங்கள்

ஓ டி கொலோன், ஓ டி டுவாலெட் (ஈடிடி), ஓ டி பர்ஃபம் (ஈடிபி), பர்ஃபம் என்று எழுதியிருப்பது வாசனை எண்ணெயின் செறிவு. கொலோனில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம், ஈடிடியில் 5 முதல் 15, ஈடிபியில் 15 முதல் 20, பர்ஃபமில் அதற்கு மேல். இவை பொதுவான அளவுகள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். செறிவு கூடினால் அதே வாசம் கூட நேரம் நிற்கும் என்று நினைத்து ஈடிபியை வாங்குவார்கள். பல கம்பெனிகள் செறிவை மாற்றும்போது கலவையையும் மாற்றுகின்றன. ஈடிபியிலும் பர்ஃபமிலும் பழத்தைக் குறைத்து மரத்தையும் பிசினையும் கூட்டியிருப்பார்கள். நீங்கள் மணந்து பார்த்தது ஈடிடி என்றால் வாங்குவதும் ஈடிடியாகவே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து ஒருவர் வாங்கி வருவதாக இருந்தால் இதை இரண்டு தரம் சொல்லி அனுப்புங்கள்.

நம் வீடுகளில் காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடும் ஓடிக்கொலோனும் சிட்ரஸ் குடும்பம்தான். அதன் வாசம் பிடிக்கும் என்றால் சிட்ரஸ் உங்களுக்கு ஒத்துவரும். மர வாசம் ஒத்துவருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

3. பட்டியலை மூன்றாகச் சுருக்குங்கள்

கடைக்குள் போய் யோசித்தால் மூக்கு குழம்பிவிடும். வீட்டில் இருந்தே மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள்.

நான் எல்லோரையும் முதலில் மணந்து பார்க்கச் சொல்வது ஹெர்மெஸ் நிறுவனத்தின் தேர் தெர்மெஸ் ஈடிடி. 2006இல் ஜான் குளோட் எலெனா உருவாக்கியது. தோடம்பழமும் கிரேப்ஃபுரூட்டும் மேலே, நடுவில் மிளகும் தீக்கல் போன்ற ஒரு காய்ந்த கனிம வாசமும், அடியில் வெட்டிவேர், சீடார், பென்சோயின் பிசின். இந்த வகைக்கு இதுவே அளவுகோல் என்பது என் கருத்து. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, மணந்து பாருங்கள்.

இரண்டாவதாக, 2010இல் வந்த ப்ளூ த ஷனெல். இதில் பழமும் மரமும் மெதுவாக, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வரும். அலுவலகத்துக்கு யாரையும் உறுத்தாது. அல்லது 1966இல் எட்மொன் ருட்னிட்ஸ்கா செய்த டியோர் ஓ சவாஜ். இது எலுமிச்சையும் மூலிகையும் கூடிய பழைய பாணி. 2015இல் வந்த டியோர் சவாஜ் வேறு, இது வேறு. பெயர் ஒத்திருப்பதால் கடையில் மாறிப்போகும், கவனம்.

மூன்றாவது இடத்துக்கு வளைகுடா நாட்டுத் தயாரிப்பு ஒன்றைப் போடுங்கள். கொழும்பில் அர்மாஃப், லத்தாஃபா போன்றவை எங்கும் கிடைக்கும், விலையும் கைக்கு எட்டும். அர்மாஃபின் கிளப் டி நுய் இன்டென்ஸ் மேன் முதல் சில நிமிடங்கள் கூரான எலுமிச்சையாக மூக்கில் ஏறும். அந்த நிமிடங்களை வைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். கீழே புகை கலந்த மரம் இருக்கிறது.

ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று போத்தலில் இருப்பதைப் பார்க்காதீர்கள். வெட்டிவேர் நம் பெண்களின் கூந்தலில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது.

4. காசுக் கணக்கு

ஒரு ஸ்பிரேயில் ஏறத்தாழ 0.1 மில்லி லீற்றர் வெளியேறும். 100 மில்லி போத்தலில் ஆயிரம் ஸ்பிரே என்று வைத்துக்கொள்ளுங்கள். போத்தல் 36,000 ரூபாய் என்றால் ஒரு ஸ்பிரே 36 ரூபாய். காலையில் நாலு, பின்னேரம் இரண்டு என்று அடித்தால் நாளுக்கு 216 ரூபாய், போத்தல் ஐந்தரை மாதம் வரும். சிட்ரஸ் சென்ட்டில் இந்தப் பின்னேர ஸ்பிரேயைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் வருடக் கணக்கே பிழைத்துப்போகும்.

முழுப் போத்தலுக்கு முன் 5 அல்லது 10 மில்லி டிகான்ட் வாங்குங்கள். பெரிய போத்தலில் இருந்து சின்ன ஸ்பிரே போத்தலுக்கு மாற்றி விற்பதைத்தான் டிகான்ட் என்கிறார்கள். இன்ஸ்டகிராமிலும் வட்ஸ்அப்பிலும் இதை மட்டுமே விற்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் விலை கூடவே இருக்கும். ஆனாலும் பிடிக்காத போத்தல் ஒன்று அலுமாரியில் கிடப்பதைவிட அது மலிவு. ஊற்றும்போது மூலப்போத்தலும் அதன் அடியிலுள்ள இலக்கமும் தெரியும்படி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரங்களிலும் டிசம்பரிலும் பெரிய கடைகளில் வங்கி அட்டைக்கு விலைக்கழிவுகள் வரும். அவசரம் இல்லையென்றால் மாதிரியை இப்போது வாங்கிப் பழகி, போத்தலை அந்தக் காலத்தில் எடுங்கள். கழிவு எந்த வங்கிக்கு, எந்தத் தொகைக்கு மேல், வட்டியில்லாத் தவணைக்குக் கையாளும் கட்டணம் உண்டா என்று பணம் செலுத்த முன் கேளுங்கள். அந்தக் கட்டணம் கழிவையே தின்றுவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு.

5. மணந்து பார்க்கும் நாள்

கிழமை நாளில், காலை பதினொரு மணியளவில் போங்கள். கடையில் கூட்டம் இருக்காது, உங்கள் மூக்கும் களைத்திருக்காது. அன்று காலை டியோடரன்ட், வாசனைப் பவுடர், தலைக்கு எண்ணெய், தலையிடித் தைலம் எதுவும் வேண்டாம். தைலத்தில் உள்ள கற்பூரமும் யூக்கலிப்டஸும் அரை நாளுக்கு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

மணந்து பார்க்க நல்ல இடங்கள் ஒன் கோல்ஃபேஸ், கொழும்பு சிட்டி சென்டர், ஒடெல் போன்ற பேரங்காடிகளின் வாசனைப் பகுதிகள். டெஸ்டர் போத்தலும் காகிதப் பட்டியும் இருக்கும். முதலில் மூன்றையும் காகிதத்தில் அடித்து, பட்டியின் நுனியில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மணந்து ஒன்றை விலக்குங்கள். மிச்சம் இரண்டையும் தோலில் அடியுங்கள், கைக்கு ஒன்றாக, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே. மணிக்கட்டு வேண்டாம். கை கழுவும்போது போய்விடும், கைக்கடிகார வார் உரசும்.

கோப்பிக் கொட்டையை மணக்கச் சொல்லித் தருவார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. உங்கள் சொந்தச் சேர்ட்டின் தோள்பக்கத்தை மணப்பதே மூக்குக்கு ஓய்வு.

பிறகு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இதுதான் முழு விஷயத்திலும் முக்கியமானது. ஏசியில் சிட்ரஸ் அழகாக, நீண்ட நேரம் நிற்பதுபோல் தெரியும். வெளியே பகலில் 30 பாகை வெப்பமும் ஈரக்காற்றும். கடைக்காரர் விடமாட்டார்.

“தம்பி, எட்டு மணித்தியாலம் நிக்கும், இப்பவே எடுங்கோ. இதுதான் கடைசிப் போத்தல்.”

“இல்லை அண்ணை, கையில அடிச்சிருக்கிறன். பின்னேரம் வரைக்கும் பாத்திட்டு வந்து எடுக்கிறன்.”

இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கூச்சப்படத் தேவையில்லை. அவருக்கு இது பழகிய பதில்.

6. தோலில் ஒரு முழு நாள்

தேர் தெர்மெஸ் ஈடிடியை வெள்ளவத்தையில் பூசிக்கொண்டு கோட்டையில் வேலை முடித்து வரும் நாள் எப்படிப் போகும் என்று என் தோலை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தோலில் நேரங்கள் கொஞ்சம் மாறலாம், ஒழுங்கு மாறாது.

அடித்தவுடன் தோடம்பழம். இனிப்பான சாறு கிடையாது. தோலைக் கிள்ளும்போது வரும் கசப்பும், அதன் அடியிலுள்ள வெள்ளைச் சதையின் காய்ந்த வாசமும். இரண்டு நிமிடத்தில் மிளகு ஏறும். வீட்டு வாசலில் நிற்கும்வரை இது சுத்தமாக, குளிர்ந்து இருக்கும்.

100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பம்பலப்பிட்டி தாண்டும்போது பழம் பாதி போயிருக்கும். உடம்புச் சூடு ஏற ஏற, அந்தக் கனிம வாசம், இரண்டு கல்லை உரசியபின் வருவது, திடீரென்று பெரிதாகும். நெரிசலில் பக்கத்தில் நிற்பவருக்கு இதுதான் போய்ச்சேரும். ஆகவே பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தில் அடிக்கக் கூடாது. சேர்ட்டுக்குள் நெஞ்சில் இரண்டு போதும். வியர்வை வாசத்தை மறைக்க அதிகமாக அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு புளித்த உலோக வாசம் ஆகும். குளித்து, துடைத்து, உடம்பு உலர்ந்து பத்து நிமிடம் கழித்தே பூசுங்கள்.

ஏசி அலுவலகத்துக்குள் நுழைந்து அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கும். மத்தியானத்துக்குச் சற்று முன், அடித்து நாலு மணித்தியாலம் ஆனதும், முழங்கையை மணந்தால் வெட்டிவேர். அந்த வேரின் மண்ணும் கசப்பும் சீடாரின் காய்ந்த வாசமும் சேர்ந்திருக்கும். பழத்தின் ஒரு சாயல் மட்டும், சட்டைக் கொலரில். இதுதான் நான் சொன்ன நாலாவது மணித்தியாலம். உங்கள் போத்தல் எதுவாக இருந்தாலும் இந்த நேரத்தில் நின்று, மணந்து, ஒரு வரி எழுதுங்கள்: இந்த வாசத்தோடு நாள் முழுக்க இருக்க எனக்கு விருப்பமா? ஆம் என்றால் வாங்கலாம். பழம் போய்விட்டதே என்ற ஏக்கம் மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த வகையே உங்களுக்குரியதில்லை. ஒரு நல்ல கொலோன் வாங்கி நாளுக்கு மூன்று தரம் அடியுங்கள், காசும் மிச்சம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போய் வந்தால் வெயிலில் மரம் மறுபடி எழும்பும். பின்னேரம் ஐந்து மணிக்குத் தோலில் கிட்டப்போய் மணந்தால் மட்டுமே தெரியும், பென்சோயின் பிசினின் மெல்லிய இனிப்போடு. பருத்திச் சேர்ட்டில் மறுநாள் காலையும் இருக்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கழுத்தில் சந்தனம் வைத்துக்கொண்டால் அந்தச் சந்தனமும் இந்த வெட்டிவேரும் ஒன்றையொன்று இடிக்காது. இனிப்பான, வனிலா கலந்த சென்ட்டுகளோடு சந்தனம் அப்படிச் சேர்வதில்லை.

ஒரு பொறி இருக்கிறது. இன்றைய மர சென்ட்டுகளில் ஐசோ ஈ சூப்பர், அம்ப்ரொக்ஸான் போன்ற செயற்கை மர வாசங்கள் நிறைய உண்டு. இவற்றைப் பலரின் மூக்கு சிறிது நேரத்தில் உணராமல் விட்டுவிடும். உங்களுக்கு ஒன்றும் மணக்காது, அறை முழுவதும் மணந்துகொண்டிருக்கும். நிற்கவில்லை என்று முடிவு கட்டவோ மறுபடி அடிக்கவோ முன், பக்கத்து மேசை அக்காவிடம், “அக்கா, இன்னும் மணக்குதா?” என்று கேளுங்கள். அவர் சொல்வதே சரியான கணக்கு.

7. எங்கே வாங்குவது, என்ன கையில் இருக்க வேண்டும்

பேரங்காடிகளில் விலை கூட, மன அமைதியும் கூட. பில்லும் இறக்குமதியாளரின் ஸ்டிக்கரும் இருக்கும். பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிட்டி, கொள்ளுப்பிட்டி லிபர்டி பிளாசா, வெள்ளவத்தை காலி வீதி ஆகிய இடங்களின் சிறு கடைகளில் பேரம் பேசலாம். நல்லவையும் உண்டு, போலியும் உண்டு. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் வளைகுடாத் தயாரிப்புகள் மலிவு. ஞாயிறும் போயா தினமும் அங்கே பல கடைகள் பூட்டு என்பதால் அந்த நாட்களில் அலையாதீர்கள். அங்கே மிகப் பிரபலமான ஐரோப்பியப் போத்தல் ஒன்று பேரங்காடி விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் காரணம் கேட்கவே தேவையில்லை, விட்டுவிட்டு நடவுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளது. பில்லில் “சென்ட் 1” என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். பெயர், ஈடிடியா ஈடிபியா, எத்தனை மில்லி, திகதி, கடையின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அதைக் கடை வாசலிலேயே போனில் படம் எடுங்கள். வெப்பத்தாளில் அடித்த எழுத்துகள் கொழும்பு வெக்கையில் விரைவில் மங்கிவிடும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் எடுப்பதே நம் ஆட்களிடம் அதிகம். பாரிஸில் இருந்து மாமா வருகிறார், ரொறன்ரோவில் இருந்து சித்தி வருகிறார் என்றால், பெயர் சொல்லி அனுப்பாதீர்கள். பெட்டியின் படத்தை அனுப்புங்கள், செறிவையும் மில்லியையும் எழுதுங்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தல் போகாது. விமானத்தில் ஏற்ற ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் வைத்தால் ஒரு போத்தல் அரை லீற்றரைத் தாண்டக் கூடாது, ஒருவரின் வாசனை, ஒப்பனை, மருந்துத் திரவங்கள் எல்லாம் சேர்த்து இரண்டு லீற்றர் வரைதான். வாங்கிய பில்லைப் போத்தலோடு வைக்கச் சொல்லுங்கள். டியூட்டி ஃப்ரீயில் எடுப்பவர்களுக்குக் கடவுச்சீட்டும் போர்டிங் பாஸும் வேண்டும். இடையில் வேறு விமானம் மாறுபவர் முத்திரையிட்ட பையைக் கொழும்பு வந்து சேரும்வரை பிரிக்கக் கூடாது.

வெளிநாட்டுத் தளத்தில் ஓடர் செய்து கூரியரில் எடுப்பதைப் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சென்ட் எரியக்கூடிய திரவம். சாதாரண விமானத் தபாலில் அனுப்ப முடியாது, கூரியர்களும் பலவற்றைத் திருப்பிவிடும். வந்து சேர்ந்தாலும் சுங்கம் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் கூட்டித்தான் வரியைக் கணக்கிடும். 2024 ஜனவரியில் இருந்து வற் (பெறுமதி சேர் வரி) மட்டுமே 18 சதவீதம், அதற்கு முன் இறக்குமதி வரிகள். அடையாள அட்டைப் பிரதி, இன்வொய்ஸ், பணம் செலுத்திய ஆதாரம் என்று கேட்பார்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

உள்ளூர் ஒன்லைன் விற்பனையாளரிடம் என்றால், வீட்டுக்கு வந்தபின் காசு என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள். பார்சலை வெட்டும் முதல் நொடியில் இருந்து பெட்டியின் அடி இலக்கம் வரை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். அந்த வீடியோ இல்லாமல் மாற்றித் தரக் கேட்டு நின்றவர்களின் பாடு எனக்குத் தெரியும்.

8. பெட்டியும் போத்தலும்

பெட்டியின் அடியில் உள்ள தொகுதி இலக்கமும் போத்தலின் அடியில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு என்றால் வாங்காதீர்கள். ஒன்றாக இருந்தால் மட்டும் அசல் என்றும் முடிவு செய்யாதீர்கள். போலி செய்பவர்கள் உண்மையான இலக்கம் ஒன்றையே எல்லாப் பெட்டியிலும் அச்சிடுவார்கள். இணையத்தில் இலக்கத்தைப் போட்டால் வருவது தயாரித்த திகதி, அசல் என்ற சான்று கிடையாது. திகதி தெரிவது சிட்ரஸுக்கு உதவும், பழைய சரக்கில் முதலில் கெடுவது பழ வாசம்தான்.

எழுத்துகளில் பிழை, கோணலான மூடி, போத்தலின் கண்ணாடியில் குமிழ், உள்ளே குழாய் மிக நீளமாக வளைந்து கிடப்பது, ஸ்பிரே புகையாக வராமல் துளியாகச் சிந்துவது ஆகியவற்றைப் பாருங்கள். டெஸ்டர் என்று விற்கப்படும் போத்தல் வெள்ளை அல்லது பழுப்புப் பெட்டியில், சில நேரம் மூடியில்லாமல் வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சென்ட்தான். பரிசு கொடுக்க உதவாது, சொந்தப் பாவனைக்கு நல்ல பேரம். பாதி தீர்ந்ததை நிரப்பி விற்கும் பழக்கமும் உண்டு, அதனால் மட்டம் கழுத்துவரை இருக்கிறதா என்று பாருங்கள்.

9. பூசுவதும் வைப்பதும்

வாசனையில்லாத லோஷனோ ஒரு துளி வாசலினோ தடவிய தோலில் அடித்தால் கூட நேரம் நிற்கும். வறண்ட தோல் விரைவில் விட்டுவிடும். பருத்தியில் அடிக்கலாம். பட்டுச் சேலையிலும் வெள்ளைச் சேர்ட்டிலும் கறை பிடிக்கும். 5 மில்லி சின்ன ஸ்பிரே ஒன்றைப் பையில் வைத்து, பின்னேரம் இரண்டு அடியுங்கள், பழம் மறுபடி வரும். சுவாமி விளக்குக்கும் எரிவாயு அடுப்புக்கும் பக்கத்தில் நின்று அடிக்க வேண்டாம்.

தோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிழிந்தெடுத்த பெர்கமொட், தேசிக்காய் எண்ணெய்களில் பெர்கப்டீன் போன்ற பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் எரிந்து, கறுத்த தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். பெரிய கம்பெனிகள் இதை நீக்கிய எண்ணெயைத்தான் பயன்படுத்துகின்றன. அளவு தெரியாமல் கலந்து சில்லறையாக விற்கும் சிட்ரஸ் எண்ணெய்களில் அந்த உத்தரவாதம் இல்லை. அப்படியானதை வாங்கினால் ஆடைக்கு உள்ளே வெயில் படாத இடத்தில் மட்டும் பூசுங்கள். எந்தச் சென்ட்டும் முதல்முறை என்றால் முழங்கை மடிப்பில் ஒன்று அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெட்டியில் லிமொனீன், லினலூல், சிட்ரால் என்று எழுதியிருப்பது, சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைக் காட்ட வேண்டும் என்ற ஐரோப்பிய விதியால்தான். அரிப்பு வந்தால் நிறுத்தி, அந்தப் பெயர்களோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.

போத்தலைக் குளியலறையிலோ காரிலோ யன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். லிமொனீன் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றிலும் கெட்டு, கூரான வார்னிஷ் வாசம் ஆகும். அப்படிக் கெட்டது தோலுக்கும் கூடாது. பெட்டிக்குள்ளேயே போட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். கடற்கரை வீதிப் பக்கம் இருப்பவர்கள் பின்னேர வெயில் படும் சுவரோடு ஒட்டிய அலுமாரியைத் தவிருங்கள், அந்தச் சுவர் இரவு வரை சூடாக இருக்கும்.

10. ஏமாற்றப்பட்டால்

முதலில் கடைக்கே போங்கள். போத்தல், பெட்டி, பில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பலர் பெட்டியை முதல் நாளே எறிந்துவிடுகிறார்கள், குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருள் விற்பனை பற்றிய முறைப்பாட்டை வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். அடையாள அட்டை இலக்கம், கடையின் முழு முகவரி, திகதி, தொகை, பில்லின் பிரதி, இரண்டு இலக்கங்களும் தெரியும் படம், ஒன்லைன் என்றால் உரையாடலின் ஸ்கிரீன்ஷொட். என்ன நடந்தது என்பதை அரைப் பக்கத்தில், நாள் வரிசையில் எழுதுங்கள். மூலப் பில்லைக் கொடுத்துவிடாதீர்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.